லிபர்டேரியனிசம்: ‘தன்னுரிமைவாதம்’ எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

தனிமனிதரின் சுதந்திரத்தை முதன்மையாக வைத்து, அவர் மேல் அரசின் அதிகாரத்தை மறுக்கும் அல்லது மிகவும் குறைக்கச் சொல்லும் அரசியல் கொள்கை லிபர்டேரியனிசம். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த உரையாடலில் ‘தீவிரத் தாராளவாதம்’, ‘சந்தை வலதுசாரியம்’ என்ற சொற்கள் முன்மொழியப்பட்டன. இவற்றில் ‘தீவிரத் தாராளவாதம்’ என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. லிபரலிசத்துக்கே ‘தாராளவாதம்’ ஒட்டவில்லை. தாராளம் என்றதும் நம் மனத்தில் வருவது வாரி வழங்கும் கை. இந்தியாவில் 1991க்குப் பிறகு ‘தாராளமயம்’ சந்தையைத் திறந்துவிடுவதைக் குறித்தது. அமெரிக்காவிலோ அதிபர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் காலமான 1930கள் தொட்டு, லிபரல் என்றால் சந்தையில் அரசு தலையிட வேண்டும் என்பவர். ஆஸ்திரேலியாவின் லிபரல் கட்சி வலதுசாரிப் பக்கம் நிற்கிறது. ஏற்கெனவே இவ்வளவு பாரம் சுமக்கும் சொல்லின் மேல் இன்னொரு கருத்தையும் ஏற்ற வேண்டாம்.

‘சந்தை வலதுசாரியம்’ என்ற யோசனை இன்னும் சிக்கலானது. இடது, வலது என்ற பிரிவே 1789இல் பிரெஞ்சு தேசிய அவையில் இருக்கை வரிசையாகப் பிறந்தது: மன்னரின் தடுப்பதிகாரத்தை ஆதரித்தவர்கள் தலைவருக்கு வலப்புறமும், எதிர்த்தவர்கள் இடப்புறமும் அமர்ந்தார்கள். ‘லிபர்டேர்’ என்ற பிரெஞ்சுச் சொல்லை அரசியல் பொருளில் 1857இல் கையாண்டவர் பிரெஞ்சு அரசின்மைவாதி ழோசப் தெழாக். பெண்களைத் தாழ்த்தி எழுதிய பிரெஞ்சுச் சிந்தனையாளர் புரூதோனைக் கண்டித்து அவர் எழுதிய கடிதத்தில் அது வருகிறது. அவர் அரசையும் மறுத்தார், தனிச்சொத்தையும் மறுத்தார். சொத்துரிமையைப் புனிதமாகக் கருதும் அமெரிக்க லிபர்டேரியன் கட்சி தொடங்கியது 1971இல்தான். ‘வலது’ என்று பெயரிலேயே எழுதிவிட்டால், சொல்லைத் தந்தவரையே அதற்கு வெளியே நிறுத்திவிடுகிறோம்.

‘விடுதலைவாதம்’, ‘சுதந்திரவாதம்’ இரண்டும் நாட்டு விடுதலையையே நினைவூட்டும். விட்டுவிடலாம்.

என் பரிந்துரை ‘தன்னுரிமைவாதம்’. தமிழில் உரிமை என்ற சொல் இரண்டு பொருள் தருகிறது: வாக்குரிமை என்பதில் உள்ள உரிமை, வீட்டு உரிமையாளர் என்பதில் உள்ள உரிமை. இந்தக் கொள்கையின் நடு நரம்பும் அதுவே. என் உடலுக்கும் உழைப்புக்கும் நானே உரிமையாளர் என்கிறார்கள். உழைத்துப் பெற்ற ஊதியத்தின் மீதான வரி கட்டாய உழைப்புக்கு நிகர் என்று அமெரிக்கத் தத்துவவாதி ராபர்ட் நோசிக் 1974இல் வாதிட்டது இந்த அடிப்படையிலிருந்துதான். அதே அடிப்படையை ஏற்றுக்கொண்டு, ஆனால் நிலமும் இயற்கை வளமும் யாருடைய உழைப்பிலும் பிறக்காதவை, ஆகவே அவற்றில் எல்லோருக்கும் பங்குண்டு என்று சொல்பவர்கள் இடப்பக்கம் போகிறார்கள். ஆகவே முன்னவர்களுக்குத் ‘தனியுடைமைத் தன்னுரிமைவாதம்’, பின்னவர்களுக்குப் ‘பொதுமைத் தன்னுரிமைவாதம்’ என்று அடைமொழி சேர்த்தால் போதும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது, உடைமையும் உரிமையும் இரண்டு தனிக் கேள்விகளாகப் பிரிந்து நிற்பது. பொருள் யாருடையது என்பது இடது–வலது கேள்வி. மனிதர் மேல் யாருக்கு அதிகாரம் என்பது வேறொரு கேள்வி. இராணுவ ஆட்சியாளர் பினோசேயின் சிலியில் சந்தைக்குச் சுதந்திரம் இருந்தது, எதிர்த்துப் பேசியவருக்குச் சிறை இருந்தது. ஸ்டாலினின் சோவியத்தில் ஆலைகள் அரசுடைமை, சிறை அங்கேயும் உண்டு. 1936இல், ஸ்பெயினின் உள்நாட்டுப் போரின்போது, பார்சிலோனாவில் டிராம் வண்டிகளைத் தொழிற்சங்கத்தினர் தாங்களே ஏற்று நடத்தினார்கள். முதலாளிக்கும் இடமில்லை, அரசு ஆணைக்கும் காத்திருக்கவில்லை. இடது–வலது என்ற ஒரே கோட்டில் இம்மூன்றையும் வைக்க முயன்று பாருங்கள், சோவியத்தும் பார்சிலோனாவும் ஒரே முனையில் போய் மோதும்.

தன்னுரிமை என்பது இனங்களின் சுயநிர்ணயத்துக்கும் வழங்குகிறதே என்று கேட்பீர்கள். நியாயமான தடைதான். அதற்குத் ‘தன்தீர்வுரிமை’ என்ற சொல்லும் இருப்பதால், ‘வாதம்’ சேர்ந்த வடிவம் குழப்பாது என்று நினைக்கிறேன்.

தன்னுரிமைவாதத்தின் எதிர்முனையான ‘அத்தாரிட்டேரியனிச’த்துக்கு ‘அதிகாரவாதம்’ பொருந்தும். ‘சர்வாதிகாரம்’ ஓர் ஆட்சிமுறையின் பெயர், அதை இங்கே இழுக்க வேண்டாம். கொள்கையாளரைத் ‘தன்னுரிமைவாதி’ என்பதா, ‘தன்னுரிமையர்’ என்பதா என்பதில் மட்டும் எனக்கு இன்னும் முடிவில்லை. ‘வாதி’யில் வழக்காடும் தொனி இருக்கிறது. ‘தன்னுரிமையர்’ காதுக்கு இதமாக இருந்தாலும் பன்மையில் ‘தன்னுரிமையர்கள்’ என்று நீள்கிறது. உங்கள் கருத்தை எழுதுங்கள்.