டீபெசன்டைசேஷன்: ‘குடியுழவுத் தேய்வு’ எனலாமா?

அன்புள்ள குழுவினருக்கு,

டீபெசன்டைசேஷன் (depeasantization) என்பது சிறு உழவர் குடும்பங்கள் தம் தொழிலின் மேல் இருந்த பிடியை இழந்து, அந்த வாழ்முறையே குறைந்துபோவது. நம் கலைச்சொல் பட்டியலில் இதற்கு என்ன தமிழ்ச் சொல் வைப்பது என்ற பேச்சில் ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> ‘விவசாயிகள் வெளியேற்றம்’ போதுமே. படித்ததும் புரிகிறது.

புரிகிறது, ஆனால் வேறு பொருளில். வெளியேற்றம் என்றால் யாரோ துரத்த வேண்டும். அணைக்கும் சுரங்கத்துக்கும் நிலம் பறிபோகும்போது நடப்பது அது. நாம் பெயர் தேடும் மாற்றத்தில் ஆள் தன் இடத்திலேயே இருக்கலாம். ஒப்பந்தக் கோழிப்பண்ணையைப் பாருங்கள். குஞ்சும் தீவனமும் மருந்தும் நிறுவனம் தருவது. எந்த நாளில் கோழி பிடிப்பது என்பதும் அவர்கள் முடிவு. கொட்டகை, அதற்கு வாங்கிய கடன், வீட்டாரின் உழைப்பு மட்டும் வளர்ப்பவருடையவை. அவர் எங்கும் போகவில்லை, ஆனால் தன் தொழிலில் தானே முடிவெடுக்கும் நிலை போய்விட்டது. இதுவும் டீபெசன்டைசேஷன்தான்.

அதனால் முதலில் ‘பெசன்ட்’ (peasant) யார் என்று பார்க்க வேண்டும். 1920களில் ரஷ்யாவில் வேளாண் பொருளியலாளர் சயானோவ் சொன்ன விளக்கம் இன்றும் உதவுகிறது. அவருடைய கணக்கில் அலகு தனிமனிதர் அல்ல, குடும்பம். உழைப்பதும் அதுவே, உண்பதும் அதுவே. தன் உழைப்புக்குக் கூலி எழுதிக்கொள்ளாததால், முதலாளிப் பண்ணை நட்டமென்று மூடிவிடும் விலையிலும் அது தொடர்ந்து பயிரிடும். சில சமயம் விலை விழுந்தால் இன்னும் அதிகமாக உழைக்கும். கூட்டுப்பண்ணைகள் கட்டாயமாக்கப்பட்ட காலத்தில், 1930இல், அவரைக் கைது செய்தார்கள். 1937இல் சுட்டுக் கொன்றார்கள். உழவர் குடும்பத்தின் கணக்கை இவ்வளவு பரிவோடு புரிந்துகொண்ட பொருளியலாளருக்கு நேர்ந்த முடிவு இது.

2018இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற உழவர் உரிமைப் பிரகடனமும் இதை ஒட்டியே போகிறது: சிறிய அளவிலான சாகுபடி, பெருமளவு வீட்டார் உழைப்பு, நிலத்தோடு தனிச்சிறப்பான பிணைப்பு. விற்பனைக்காகப் பயிரிடுவதை அது விலக்கவில்லை. ஆகவே ‘சந்தைக்கு விற்றால் பெசன்ட் இல்லை’ என்ற பழைய பாடநூல் வரையறையை நாம் தூக்கிச் சுமக்க வேண்டியதில்லை.

இந்தப் பொருளுக்கு ‘விவசாயி’ போதாது. ஆயிரம் ஏக்கர்காரரும் விவசாயிதான். ‘வேளாண்குடி’ என்றால் சாதிப்பெயர் நினைவுக்கு வரும். என் பரிந்துரை ‘குடியுழவு’, அதாவது குடும்பமே அலகாக நடத்தும் உழவு. அதைச் செய்பவர் குடியுழவர். அது தேய்வது குடியுழவுத் தேய்வு. திரும்பத் தழைப்பதை, நெதர்லாந்து சமூகவியலாளர் வான் டெர் ப்ளூக் ஐரோப்பாவை முன்வைத்து விரிவாக எழுதியதை, குடியுழவு மீட்சி என்று சொல்லலாம்.

இதோடு சேர்த்துப் பேசப்படும் டீஅக்ரேரியனைசேஷன் (deagrarianization) வேறு. சகாரா பாலைக்குத் தெற்கிலுள்ள ஆப்பிரிக்காவை ஆராய்ந்த டெபோரா பிரைசசன் அதில் பிழைப்பு, வருமானம், அடையாளம், வசிப்பிடம் ஆகிய நான்கும் விவசாயத்தை விட்டு நகர்வதைச் சேர்த்தார். அதற்கு ‘வேளாண் விலகல்’ பொருந்தும். விலகாமலே தேயலாம் என்பதால் இரண்டுக்கும் ஒரே சொல் வைக்கக் கூடாது.

---

> குடும்பமே அலகாக நடத்தும் உழவு

ஐயா, தேய்வு பிடித்திருக்கிறது. மெல்ல நடப்பதை அது காட்டுகிறது. எனக்கு இரண்டு தயக்கம். ‘குடி’ என்றதும் இன்றைய மாணவருக்கு மதுதான் நினைவுக்கு வரும். அப்புறம், ஐ.நா. பிரகடனம் மேய்ப்பரையும் சிறுமீனவரையும் சேர்க்கிறதே, ‘உழவு’ அவர்களை வெளியே நிறுத்திவிடாதா?

---

அம்மா, முதல் தயக்கம் தீரும் என்று நம்புகிறேன். குடித்தனம், குடியிருப்பு, குடிமகன் எல்லாம் குழப்பமின்றிப் புழங்குகின்றன. குறளின் 103ஆம் அதிகாரமான ‘குடிசெயல்வகை’யில் குடி என்பது குடும்பமே.

இரண்டாவது வலுவான கேள்வி. மேய்ப்பரை வெளியே விடும் சொல்லை நான் விரும்பவில்லை. என் கோழிப்பண்ணை உதாரணமே ‘உழவு’க்குள் அடங்கவில்லை பாருங்கள். ‘குடிவேளாண்மை’ என்று மாற்றினால் கால்நடை உள்ளே வந்துவிடும், சாதிப்பெயரின் சாயலும் பெரிதாக இல்லை. மீனவர் அப்போதும் வெளியேதான். ‘குடிப்பிழைப்பு’ என்று விரித்தால் நெசவும் தச்சும்கூட நுழைந்துவிடும், அது வேண்டாம். நான் ‘குடிவேளாண்மைத் தேய்வு’க்கு மாறுகிறேன். மீன்பிடியை ஆராய்பவர்கள் குழுவில் இருந்தால், அவர்கள் துறையில் பெசன்டுக்கு இணையாக என்ன சொல்கிறார்கள் என்று எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டுப் பட்டியலில் ஏற்றுவோம்.