மூச்சுக்கும் முகத்துக்கும் ஒரே சத்திரசிகிச்சையா?

வெள்ளவத்தைப் பெடியன்:
பாடசாலையில் ரக்பி விளையாடும்போது மூக்கு உடைந்தது. இப்போது இடது பக்கம் எப்போதும் அடைப்பு, மேலே ஒரு கூனும் இருக்கிறது. நடுச்சுவர் வளைந்திருக்கிறது, நிமிர்த்தலாம் என்கிறார் ஈஎன்டி டொக்டர். அதோடு கூனையும் எடுக்கச் சொல்லிக் கேட்க விருப்பம். ‘ஆம்பிளைக்கு எதுக்கு அழகு’ என்று அப்பா கத்துகிறார். என்ன சொல்கிறீர்கள்?

தெகிவளை அண்ணா:
அப்பா சொல்லும் காரணம் பிழை, முடிவு சரி. மூச்சுக்குச் செய்யுங்கள், அதோடு நிறுத்துங்கள். மூச்சுக்கு என்றால் அரச வைத்தியசாலையில் இலவசமாகவே செய்யலாம், காத்திருக்க வேண்டிவரும், அவ்வளவுதான். அழகுக்கு என்றால் தனியாரிடம் லட்சக்கணக்கில் கொட்ட வேண்டும். ஆண்களுக்குப் பொதுவாக மூக்குத் தோல் தடிப்பு. வீக்கம் முழுதாக வற்ற ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். அதுவரை கண்ணாடியைப் பார்த்துப் பார்த்து நொந்துபோவீர்கள். பிடிக்காமல் மறுபடி கத்தி வைப்பவர்களும் குறைவில்லை.

கொட்டாஞ்சேனை அக்கா:
சத்திரசிகிச்சைக் கூடத்தில் தாதியாக வேலை செய்தவள் நான். அண்ணா சொல்வதில் முக்கியமான ஒன்று விடுபட்டிருக்கிறது. நடுச்சுவரை நிமிர்த்தும்போது வளைந்த குருத்தெலும்பில் ஒரு பகுதியை எடுப்பார்கள். மூக்கு இடிந்து விழாமலிருக்க மேற்பக்கமும் முன்பக்கமும் ஏறக்குறைய 1 செ.மீ. அகலத்துக்கு விட்டுவைப்பார்கள். எடுத்த அந்தத் துண்டுதான் மூக்கின் வடிவத்தைத் தாங்கிக் கொடுக்க முதல்தரமான பொருள். இப்போது நடுச்சுவரை மட்டும் செய்துவிட்டு ஐந்து வருடம் கழித்துக் கூனுக்கு வந்தால் அங்கே எடுக்கப் பெரும்பாலும் போதியளவு மிஞ்சியிராது. காதிலிருந்தோ விலா எலும்பிலிருந்தோ எடுக்க வேண்டிவரலாம். மனதில் இரண்டும் இருந்தால், தம்பி, ஒரே தடவையில் செய்வதுதான் நல்லது. உடைந்து கோணிய மூக்கில் வெளியே நிமிர்த்தாமல் உள்ளே மட்டும் நிமிர்த்துவதும் பல வேளை முடியாது.

தெகிவளை அண்ணா:
குருத்தெலும்பு விஷயத்தை ஏற்கிறேன், அக்கா. ஆனால் கூனைச் சீவினால் மூச்சே கெடலாம் என்பதையும் சொல்லுங்கள். மூக்கின் உள்ளே மிக ஒடுக்கமான இடம் கூனுக்குச் சற்றுக் கீழேதான் இருக்கிறது. கூரையை எடுத்துவிட்டால் பக்கச் சுவர்கள் உள்ளே சரியும். மூச்சுக்காகப் போனவன் மூச்சை இழந்து வருவதா? இன்னொன்று. கூன் பெரிதாகத் தெரிவது எதில், தம்பி? போனில் என்றால் நம்பாதீர்கள். 30 செ.மீ. தூரத்தில் எடுக்கும் செல்ஃபியில் மூக்கு கிட்டத்தட்ட 30 சதவீதம் அகலமாக விழும் என்று 2018இல் கணக்கிட்டுக் காட்டியிருக்கிறார்கள்.

கொட்டாஞ்சேனை அக்கா:
அந்த ஆபத்து உண்மை. அதற்காகத்தான் அதே குருத்தெலும்பில் மெல்லிய பட்டைகள் வெட்டி, நடுச்சுவரின் இருபுறமும் வைத்துத் தைக்கிறார்கள். அதைச் செய்வாரா என்று வைத்தியரிடம் நேராகக் கேளுங்கள், தம்பி. பதில் மழுப்பலாக வந்தால் வேறொருவரைப் பாருங்கள். அப்பாவுக்கு ஒன்று சொல்லுங்கள்: 1898இல் பெர்லினில் ஜாக் ஜோசப் என்ற வைத்தியர் முதன்முதலாகச் சிறிதாக்கிய மூக்கு ஒரு இளைஞனுடையது. மூக்கால் வெட்கப்பட்டு ஆட்களைப் பார்க்கவே தயங்கியவன் அவன்.

மட்டக்குளியான்:
கத்திக்கு முன் மருந்தை முயன்று பார்த்தீர்களா? கொழும்புத் தூசிக்குப் பலரின் அடைப்பு ஒவ்வாமைதான். கடையில் வாங்கி அடிக்கும் அடைப்பு நீக்கி ஸ்பிரேயைச் சில நாளுக்கு மேல் அடித்தால் அதுவே அடைப்பைக் கூட்டும்.

வெள்ளவத்தைப் பெடியன்:
டொக்டர் தந்த ஸ்டீரொய்ட் ஸ்பிரேயை மாதக்கணக்கில் அடித்தேன், மாற்றமில்லை. கூன் செல்ஃபியில் மட்டுமல்ல அண்ணா, பக்கவாட்டுப் படங்கள் எல்லாவற்றிலும் தெரிகிறது. லீவு எவ்வளவு போடவேண்டும், அக்கா?

கொட்டாஞ்சேனை அக்கா:
எலும்பைத் தொட்டால் மூக்கின்மேல் கட்டு ஒரு வாரம் இருக்கும். கண்ணுக்குக் கீழே வரும் கன்றல் இரண்டு வாரத்தில் போகும். அலுவலக வேலைக்கு அதுவே போதும். ரக்பி போன்ற மோதல் விளையாட்டை மாதக்கணக்கில் மறந்துவிடுங்கள்.

தெகிவளை அண்ணா:
நான் இன்னும் மூச்சு மட்டும் என்ற பக்கம்தான். ஆனால் இரண்டும் என்று முடிவெடுத்தால், கூனை அடியோடு வழிக்கச் சொல்லாதீர்கள். ஆண் முகத்துக்கு மூக்கின் முதுகு நேராக இருப்பதுதான் பொருந்தும். பள்ளமாக்கி நுனியைத் தூக்கிவிட்டால் திரும்பக் கட்டுவது பெரும்பாடு.