கண்ணின் ‘பாவை’யும் லத்தீன் ‘பூப்பில்லா’வும்: தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் உறவுகளே. போன கிழமை வெள்ளவத்தையில் அம்மம்மாவைக் கண் வைத்தியரிடம் கூட்டிச் சென்றேன். சொட்டு மருந்து விட்டுச் சிறிது நேரத்தில் அவரது கண்ணின் கருவட்டம் அகன்று விரிந்தது. குனிந்து பார்த்தேன், அதற்குள் அரிசிமணி அளவில் என் முகம்!

அந்தக் கருவட்டத்துக்கு வைத்தியர் சொன்ன ‘பியூப்பில்’ என்ற சொல்லை வீட்டுக்கு வந்ததும் தேடினேன். லத்தீனில் ‘பூப்பா’ என்றால் சிறுமி, பொம்மை. ‘பூப்பில்லா’ என்றால் குட்டிப் பொம்மை. கண்ணுக்குள் தெரியும் சின்ன உருவத்தால் வந்த பெயர். கிரேக்கத்தின் ‘கோரே’யும் சிறுமி, கண்மணி இரண்டையும் குறிக்கிறது. நம் ‘பாவை’யும் அப்படித்தானே! ‘கருமணியிற் பாவாய்’ என்று 1123ஆம் குறள் அழைக்கிறது. படித்ததும் மெய்சிலிர்த்துவிட்டது. லத்தீன் ‘பூப்பில்லா’ கிரேக்கச் சொல்லைப் பார்த்து வந்திருக்கலாம்; ஆனால் நம் ‘பாவை’ கடன் வாங்கியது அல்ல என்றே நினைக்கிறேன். எங்கும் மனிதர் ஒருவர் கண்ணை ஒருவர் நெருங்கிப் பார்த்திருக்கிறார்கள்.

இனி உங்கள் உதவி வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்த டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் தம் நூல்களில் இந்தக் கருவட்டத்துக்கு எந்தச் சொல்லை எடுத்தாண்டார்? பழைய பிரதி வைத்திருப்பவர்கள் அந்தப் பக்கத்தைப் படம்பிடித்து அனுப்ப முடியுமா? மட்டக்களப்பிலும் மலையகத்திலும் உங்கள் வீட்டுப் பெரியவர்கள் கண்ணின் கருவட்டத்தை எப்படிச் சொல்வார்கள்? அவர்கள் வாயில் வரும் சொல்லை அப்படியே எழுதுங்கள்.