புதுப்பிப்பு: எச்4 ஹெட்லைட்டுக்கு எச்ஐடி வேண்டாம், ரிலே போதும்

வண்டியின் எச்4 ஹெட்லைட் (ஹை, லோ இரண்டும் ஒரே ஹாலஜன் பல்பில்) மங்கலாக இருக்கிறதே, எச்ஐடி (வாயுவில் மின்பொறியால் எரியும் விளக்கு) கிட் போடலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். வேண்டாம். ஹாலஜன் ரிஃப்ளெக்டரில் அதன் ஒளிப்புள்ளி இடம் மாறிவிடும். எதிரே வருபவருக்குக் கண் கூசும், அது ஆபத்து. 60/55 வாட் பல்பே இருக்கட்டும்.

மங்கலுக்குக் காரணம் ஒயரிங்தான். பேட்டரியில் 13.5 வோல்ட் இருக்க, பல்பு முனையில் மல்டிமீட்டர் 12தான் காட்டியது. வோல்டேஜ் 10% குறைந்தாலே வெளிச்சம் கிட்டத்தட்ட 30% போய்விடும்!

ஹை, லோ இரண்டுக்கும் தனித்தனி ரிலே (சிறிய மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் ஸ்விட்ச்): பேட்டரி பாசிட்டிவ், பக்கத்திலேயே 15 ஆம்பியர் ஃப்யூஸ், பிறகு ரிலேயின் 30ஆம் எண் முனை. 87ஆம் முனை பல்புக்கு, 86 பழைய ஸ்விட்ச் ஒயருக்கு, 85 எர்த்துக்கு. பல்பின் எர்த் ஒயரையும் தடிமனாக்குங்கள். பலர் விடுவது இதைத்தான்.

ஏசி கரண்ட்டில் (மாறுதிசை மின்னோட்டம்) எரியும் ஹெட்லைட் உள்ள பழைய வண்டியில் ரிலே படபடக்கும். முதலில் டிசிக்கு (நேர்திசை மின்னோட்டம்) மாற்ற வேண்டும்.