டாக்சோரூபிசின் ஆன்டிபயாடிக்னா, காய்ச்சலுக்கு ஏன் வேற ஆன்டிபயாடிக்?

கேள்வி (நர்சிங் மாணவி):
மார்பகப் புற்றுநோய்க்கான ஏசி ரெஜிமென்ல (டாக்சோரூபிசினும் சைக்ளோபாஸ்பமைடும் சேர்ந்த சிகிச்சை) டாக்சோரூபிசின் உடல் பரப்பளவுக்கு 60 மி.கி./ச.மீ., 21 நாளுக்கு ஒரு தடவை, 4 சைக்கிள் கொடுக்கிறோம். புத்தகத்துல இது ஆன்டிபயாடிக் வகை. அப்படின்னா காய்ச்சல் வந்தா ஏன் வேற ஆன்டிபயாடிக் ஏத்துறாங்க? எக்கோ (இதய ஸ்கேன்) எதுக்கு?

பதில் 1 (மருந்தியல்):
ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற மண் பாக்டீரியாவிலிருந்து கிடைச்சதால ஆன்டிபயாடிக்னு பெயர். பென்சிலின் தாக்குற செல்சுவர் நம்ம உடம்புல இல்லை. டாக்சோரூபிசின் தாக்குற டிஎன்ஏ நமக்கும் உண்டு, அதனால தொற்றுக்குக் கொடுக்கவே முடியாது. டிஎன்ஏ முறுக்கை அவிழ்க்க டோப்போஐசோமரேஸ் 2 என்சைம் ரெண்டு இழையையும் வெட்டி, திரும்ப ஒட்டும். இந்த மருந்து டிஎன்ஏ ஏணியோட படிகளுக்கு நடுவுல சொருகிக்கிட்டு ஒட்ட விடாது. வெட்டுகள் சேர்ந்து செல் சாகும். வேகமா பிரியுற எலும்பு மஜ்ஜையும் அடிபடும். 10–14 நாள்ல வெள்ளணு அடிமட்டத்துக்குப் போறது அதனாலதான். அப்ப தொற்றை எதிர்க்க வெள்ளணு போதாது, அதனால காய்ச்சல்னா அவசரம், பாக்டீரியாவைக் கொல்ற ஆன்டிபயாடிக் வேணும்.

இதயத் தசையில சேதம் சேர்ந்துக்கிட்டே போகும். அதான் எக்கோ. வாழ்நாள் மொத்தம் 450–550 மி.கி./ச.மீ. தாண்டக்கூடாது, நெஞ்சுல கதிர்வீச்சு வாங்கியிருந்தா 400. 4 சைக்கிளுக்கு 240தான் ஆகுது, ஆனா முன்னாடி எங்கேயாவது வாங்கினதையும் கூட்டணும். ரத்தத்துல பிலிருபினையும் (கல்லீரல் எப்படி வேலை செய்யுதுன்னு காட்டுறது) பாருங்க: 1.2–3 மி.கி./டெ.லி. இருந்தா பாதி டோஸ்.

பதில் 2 (டேகேர் செவிலியர்):
ஏத்துறதுலதான் பெரிய ஆபத்து, ரத்தக்குழாய்க்கு வெளிய கசிஞ்சா திசு செத்துடும். முன்கையில நல்ல நரம்பா எடுங்க, முழங்கை மடிப்பு வேண்டாம். ஓடுற சலைன் லைன்ல மெதுவா புஷ், 2–3 மி.லி.க்கு ஒருமுறை ரத்தம் திரும்புதான்னு பாருங்க. ஹெபாரினோட கலந்தா படியும், சலைன்ல மட்டும் ஃப்ளஷ். நரம்பு வழியா சிவப்புக் கோடு, அரிப்பு இருந்து, வலி இல்லாம ரத்தமும் திரும்பினா அது ஃப்ளேர், கசிவு இல்லாத வெறும் எரிச்சல் எதிர்வினை. எரிச்சல், வீக்கம்னா கசிவு: உடனே நிறுத்துங்க, கேனுலாவை எடுக்காம சிரிஞ்சால உறிஞ்சுங்க, அழுத்தாதீங்க, டாக்டரைக் கூப்பிடுங்க. ஐஸ் 15–20 நிமிஷம். வெந்நீர் ஒத்தடம் கூடவே கூடாது. டெக்ஸ்ராசாக்ஸேன் (கசிவுக்கான மாற்று மருந்து) கொடுக்கிறதா இருந்தா 6 மணி நேரத்துக்குள்ள, மறு கையில. அதுக்கு 15 நிமிஷம் முன்னாடியே ஐஸை எடுத்துடணும். சிறுநீர் ஓரிரு நாள் சிவப்பா போகும்னு நோயாளிகிட்ட முன்கூட்டியே சொல்லிடுங்க, ரத்தம்னு பயந்துடுவாங்க.

பதில் 3:
புற்றுநோய்க்கான இந்த ஆன்டிபயாடிக் வகையில எல்லாம் ஒரே மாதிரி வேலை செய்யாது. இதே வகையில இன்னொரு மருந்தான ப்ளியோமைசின் இரும்பையும் ஆக்சிஜனையும் வச்சு டிஎன்ஏவை நேரடியா வெட்டும். மஜ்ஜையை அவ்வளவா தொடாது. ஆனா அதைச் சிதைக்கிற என்சைம் நுரையீரல்ல கம்மி, அதனால அங்கே தழும்பு. மொத்தம் 400 யூனிட் தாண்டினா ஆபத்து கூடும். பின்னாடி எந்த ஆபரேஷன் நடந்தாலும் மயக்க மருந்து டாக்டருக்குத் தெரிஞ்சிருக்கணும், தேவைக்கு மேல ஆக்சிஜன் வைக்கக்கூடாது.