மேலத்தோட்டம் குடும்பக் குழு: ‘நானோ’ மருந்து வாங்கலாமா?

ஞாயிறு, காலை 6:50

செந்தில்: (படம்) மக்காச்சோளம் 38 நாள். குருத்துக்குள் மறுபடியும் படைப்புழு. மேற்கு வரப்போரமாக நடந்து பார்த்தேன், செடிக்குச் செடி ஈர மரத்தூளைக் கொட்டியது மாதிரி எச்சம் கிடக்கிறது.

செந்தில்: (படம்) உரக்கடையில் நேற்று இந்தப் பாட்டிலைக் கொடுத்தார்கள். நானோ மருந்தாம். ஏக்கருக்கு 100 மில்லி போதும், எல்லாப் புழுவும் ஒரே அடியில் போய்விடும் என்கிறார்கள். 1,150 ரூபாய். மூடியை இன்னும் திறக்கவில்லை. கயல், கோயம்புத்தூரில் நீ படிப்பது இதுதானே, பார்த்துச் சொல்லும்மா.

பெரியப்பா: இவ்வளவு சின்னப் பாட்டிலில் அவ்வளவு வீரியம் என்றால் எனக்குப் பயமாக இருக்கிறது. போன வருஷம் பட்டது போதும்.

பெரியம்மா: இவர் இனிமேல் டேங்க்கைத் தொடக் கூடாது. பருத்திக்கு அடித்துவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்தவர், சட்டையெல்லாம் வேர்த்து ஊற்றுகிறது, வாயில் எச்சில் நிற்கவில்லை, கண்ணைப் பார்த்தால் மணி கடுகு மாதிரி சுருங்கிக் கிடக்கிறது. அந்த ராத்திரி ஆஸ்பத்திரியில் ஊசி மேல் ஊசி போட்டதை நான் இன்னும் மறக்கவில்லை.

சித்தப்பா: அண்ணி, நானும்தான் கூட இருந்தேன். செந்தில், நானோ யூரியா வந்ததே, அது மாதிரி இதுவும் சொசைட்டியில் கொடுப்பதா?

செந்தில்: இல்லை சித்தப்பா, கடையில் தனியாக விற்கிறார்கள்.

காலை 8:15

கயல்: இப்போதுதான் பார்த்தேன் அண்ணா. திறக்க வேண்டாம். பாட்டிலின் பின்பக்கத்தைத் தெளிவாக ஒரு படம் எடுத்துப் போடுங்கள்.

செந்தில்: (படம்)

கயல்: இதில் மூன்று விஷயம் தேடினேன். உள்ளே இருக்கும் மருந்தின் பெயரும் எத்தனை சதவீதம் என்பதும் இல்லை. மத்தியப் பூச்சிக்கொல்லி வாரியத்தின் பதிவு எண் இல்லை. விஷத்தின் கடுமையைக் காட்ட, சாய்ந்த சதுரத்தின் கீழ்ப்பாதியில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று ஒரு நிறம் வரும் இல்லையா, அதுவும் இல்லை. ‘100% இயற்கை நானோ’ என்று மட்டும் இருக்கிறது. உடம்புக்கு ஏதாவது ஆனால் உள்ளே என்ன இருந்தது என்று டாக்டருக்குச் சொல்லக்கூட வழியில்லை. பில்லோடு திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

செந்தில்: பில் கொடுக்கவில்லை. கேட்கிறேன். அப்போ நானோ என்பதே ஏமாற்றா?

கயல்: இல்லவே இல்லை அண்ணா! அதுதான் என் கவலையே. இந்த மாதிரிப் பாட்டில்களால் உண்மையான வேலைக்கும் கெட்ட பேர் வந்துவிடும். சித்தப்பா, நானோ யூரியா உரம், 2021இல் இஃப்கோ என்ற உரக் கூட்டுறவு அமைப்பு கொண்டு வந்தது, மூட்டை யூரியாவுக்கு அது ஈடாகுமா என்று விஞ்ஞானிகளுக்குள்ளேயே இன்னும் ஒத்துப்போகவில்லை. இது வேறு. பெரியப்பா கேட்டதற்கு முதலில் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத் தட்டுகிறேன், பொறுங்கள்.

கயல்: நானோ என்றால் விஷத்தின் வீரியத்தைக் கூட்டுவது இல்லை பெரியப்பா. அதே மருந்துதான், அதை எதில் வைத்து அனுப்புகிறோம் என்பதுதான் மாறுகிறது. நீங்கள் ஈ.சி. என்கிற எண்ணெய் மாதிரி மருந்தைத் தண்ணீரில் ஊற்றினால் பால் மாதிரி வெள்ளையாகிறதே, அது எண்ணெய்த் துளிகள் தண்ணீரில் மிதப்பதால் வருகிற வெள்ளை. மூடியைத் திறந்ததும் மூக்கில் ஏறுகிற வாடையில் மருந்தைக் கரைத்து வைத்திருக்கும் கரைப்பானுக்கும் பெரிய பங்கு உண்டு. அதை அடிக்கும்போது ஒரு பகுதி காற்றோடு போகிறது, இலையில் விழுந்தது முத்து முத்தாக உருண்டு மண்ணில் வழிகிறது, ஒட்டி நிற்பதை வெயில் தின்றுவிடுகிறது. அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இருந்த டேவிட் பிமென்டல் 1995இல் எழுதினார், அடிக்கிற மருந்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் பூச்சியைப் போய்ச் சேருகிறது என்று. மிச்சம் முழுக்க மண், தண்ணீர், காற்று, அப்புறம் டேங்க்கைச் சுமக்கிற ஆள். போன வருஷம் உங்கள் உடம்பில் ஏறியது அந்த மிச்சத்தில் ஒரு துளி.

பெரியப்பா: ஆயிரத்தில் ஒன்றா. அப்போ நான் இத்தனை வருஷமாக எதற்கு அடித்தேன்.

கயல்: நீங்கள் அடித்தது தப்பில்லை பெரியப்பா, கையில் கிடைத்த மருந்து அப்படி. அந்த வீணாகும் பங்கைக் குறைக்கத்தான் இந்த வேலை. மருந்தை மிக மெல்லிய கூட்டுக்குள் வைக்கிறார்கள். தலைமுடியின் தடிமன் 80,000 முதல் 1,00,000 நானோமீட்டர் என்றால் இந்தக் கூடு சில நூறு நானோமீட்டர்தான் இருக்கும். அவ்வளவு சின்னதாக இருப்பதால் இலையில் பரவி ஒட்டும், வெயில் நேரே படாது, உள்ளே இருப்பது கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். புழுவின் குடல் காரத்தன்மை உள்ளது, அந்தக் காரம் பட்டால் மட்டும் உடைகிற மாதிரியும் கூடு செய்து பார்க்கிறார்கள்.

தூத்துக்குடி மாமா: கூடு எதில் செய்வீர்கள் கயல்? பிளாஸ்டிக்கா?

கயல்: மக்கும் பாலிமரில் செய்கிறார்கள் மாமா. நெல் உமிச் சாம்பலில் சிலிக்கா நிறைய இருக்கிறது, அதிலிருந்து துளை நிறைந்த சிலிக்காத் துகள் எடுத்து அதற்குள்ளும் மருந்தை ஏற்றலாம். அப்புறம் உங்கள் ஊர்ச் சரக்கும் உண்டு. இறால் ஓடு, நண்டு ஓட்டிலிருந்து எடுக்கிற கைட்டோசான்.

தூத்துக்குடி மாமா: எங்கள் கம்பெனியில் இறால் உரித்த ஓடு வண்டி வண்டியாக வெளியே போகிறது. நாற்றம் தாங்காமல் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு நிற்போம். அது மச்சான் வயலுக்கு மருந்தாக வரும் என்று நான் நினைத்ததே இல்லை.

செந்தில்: இதெல்லாம் எங்கேயாவது நடந்திருக்கிறதா, இல்லை பேப்பரில்தானா?

கயல்: நியாயமான கேள்வி அண்ணா. நீங்கள் மக்காச்சோளத்துக்குக் களைக்கொல்லியாகப் போடுகிற அட்ரசின் இருக்கிறதே, அதையே பிரேசிலில் ஒரு குழு மக்கும் பாலிமர்க் கூட்டில் வைத்துக் கடுகுச் செடியில் அடித்துப் பார்த்தது. 2015இல் வெளியிட்டார்கள். வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்கு கொடுத்தும் அதே வேலை செய்தது. தொட்டிச் செடியில் பார்த்தது அது, மழையும் காற்றும் உள்ள வயலில் அதே கணக்கு வரும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனாலும் பத்தில் ஒன்று! போன வருஷம் உங்கள் டேங்க்கில் அவ்வளவுதான் இருந்திருந்தால் என்று அந்தக் கட்டுரையைப் படித்த அன்றைக்குப் பெரியப்பாவைத்தான் நினைத்துக்கொண்டேன். 2019இல் வேதியியலின் உலக அமைப்பான ஐயுபேக், வளர்ந்து வரும் பத்துத் தொழில்நுட்பங்கள் என்று ஒரு பட்டியல் போட்டது, அதில் நானோ பூச்சிக்கொல்லியும் இருக்கிறது.

சித்தப்பா: நம் ஊர்ப் பக்கம் யாரும் செய்யவில்லையா?

கயல்: உங்கள் கொய்யாவுக்கே செய்திருக்கிறார்கள் சித்தப்பா. பழ ஈக்குப் பொறி வைப்பீர்களே, அதில் ஈயை இழுக்கப் போடுகிற வாசனைப் பொருளான மெத்தில் யூஜினால் சீக்கிரம் ஆவியாகிவிடும், அடிக்கடி மாற்ற வேண்டும். பெங்களூரில் வேளாண் பூச்சி வள நிறுவனமும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து அதை நானோ ஜெல்லாகச் செய்தார்கள், 2013இல் வெளிவந்தது. ஜெல் வாசனையைப் பிடித்து வைத்துக்கொண்டு மெதுவாக விடுகிறது, ஃபிரிட்ஜில் வைக்கத் தேவையில்லை, கொய்யாத் தோப்பிலேயே சோதித்தார்கள். பழத்தில் ஒரு சொட்டு மருந்துகூட விழாது. எனக்கு ரொம்பப் பிடித்த வேலை அது. நாங்கள் ஆய்வகத்தில் வேப்பெண்ணெயை எடுத்துப் பார்க்கிறோம். சோப்புக் கரைசலில் கலக்கினால் முதலில் மோர் மாதிரி இருக்கும், ஒலியலைக் கருவியை உள்ளே விட்டு உடைக்க உடைக்க வெள்ளை குறைந்துகொண்டே வரும். முதல் தடவை நன்றாக வந்த அன்று குப்பியின் பின்னால் பேப்பரைப் பிடித்தேன், எழுத்துகள் தெரிந்தன. துளி அவ்வளவு சின்னதாகிவிட்டது என்று அர்த்தம். அன்றைக்கு முழுக்க அந்தக் குப்பியைத் தூக்கிக்கொண்டு எல்லாரிடமும் காட்டினேன்.

பெரியம்மா: வேப்பெண்ணெய் என்றால் நல்லதுதானே கண்ணு.

கயல்: ஆமாம் பெரியம்மா, ஆனால் வேம்பில் பூச்சியைத் தடுக்கும் பொருளான அசாடிராக்டின் வெயிலில் சீக்கிரம் சிதைந்துவிடும், அதனால்தான் வேப்பங்கொட்டைச் சாறு அடித்தால் இரண்டு நாளில் பலன் போய்விட்டது என்கிறார்கள். அதைக் காப்பாற்றினால் கடையில் வாங்கும் மருந்தே குறையும்.

காலை 10:40

சித்தப்பா: எனக்கு ஒரு பயம் இருக்கிறது. கூடு அவ்வளவு சின்னது என்கிறாய். என் தேனீப் பெட்டிகளுக்கு என்ன ஆகும்?

கயல்: நல்ல இடத்தில் தொட்டீர்கள் சித்தப்பா. இதை நானே சொல்ல இருந்தேன். 1970களில் அமெரிக்காவில் மீத்தைல் பாரத்தியான் என்ற பூச்சிக்கொல்லியை நுண்கூட்டில் அடைத்து பென்கேப்-எம் என்று விற்றார்கள். நானோ இல்லை, அதைவிடப் பெரிய கூடு. அடிக்கிற ஆளுக்கு ஆபத்து குறைந்தது உண்மை. ஆனால் கூடு மகரந்தத் துகள் அளவில் இருந்துவிட்டது. தேனீ அதையும் மகரந்தத்தோடு சேர்த்துக் காலில் ஒட்டிக்கொண்டு பெட்டிக்குக் கொண்டு போய்ச் சேமித்தது, கூட்டத்துக்குள்ளேயே விஷம் தங்கிவிட்டது. ஒரு பக்கம் காப்பாற்றப் போய் இன்னொரு பக்கம் அடி. அதனால்தான் நானோ மருந்தையும் தனியாகச் சோதிக்க வேண்டும் என்கிறோம். மண்புழுவுக்கு என்ன ஆகிறது, கிணற்றுத் தண்ணீரில் எவ்வளவு நாள் நிற்கிறது. வெயிலில் சிதையாமல் மருந்தைக் காப்பாற்றினால் அறுவடைக்கு முன் மருந்தடிக்காமல் விடும் நாள்களும் மாறுமே, பழைய கணக்கு செல்லாது. 2020 ஜூலையில் மத்திய அரசு இந்த மாதிரி நானோ இடுபொருள்களை எப்படிச் சோதிப்பது என்று வழிகாட்டு நெறிகள் வெளியிட்டிருக்கிறது. அந்தச் சோதனை எல்லாம் தாண்டிப் பதிவு எண்ணோடு வருகிற மருந்தைத்தான் நான் நம்புவேன்.

பெரியப்பா: சரிம்மா, அது வருகிறபோது வரட்டும். புழு இன்றைக்குக் குருத்தைத் தின்கிறதே, அதற்கு என்ன செய்ய?

கயல்: அண்ணா, ஐந்து இடத்தில் நின்று இடத்துக்கு 20 செடி பாருங்கள். புது எச்சம் உள்ள செடியை மட்டும் எண்ணுங்கள். தலையில் தலைகீழ் ஒய் எழுத்து, வால் பக்கம் சதுரமாக நாலு புள்ளி இருந்தால் படைப்புழுதான்.

பகல் 12:05

செந்தில்: எண்ணிவிட்டேன். 100க்கு 23. மேற்குப் பக்கம்தான் அதிகம், கிழக்கே நாலுதான். (படம்) நாலு புள்ளி தெரிகிறது பார்.

கயல்: அப்போ அடிக்கத்தான் வேண்டும், 10 செடிக்கு மேல் போய்விட்டது. எமாமெக்டின் பென்சோயேட் 5 எஸ்.ஜி., பில்லோடு வாங்குங்கள். 10 லிட்டர் தண்ணீருக்கு 4 கிராம், அதற்கு மேல் வேண்டாம். இலைக்குள் இறங்கிய மருந்து தப்பிக்கும், இலை மேலே நிற்கிற மருந்து வெயிலில் சிதைந்துவிடும், அதனால் சாயங்காலம் அடியுங்கள். செடி முழுக்க நனைக்க வேண்டாம், நாசிலை இறக்கிக் குருத்துக்குள்ளேயே விழுகிற மாதிரி. புழு அங்கேதானே இருக்கிறது, மருந்தும் அங்கேயே போனால் போதும். கிழக்குப் பக்கம் இப்போதைக்கு விட்டுவிடுங்கள், மூன்று நாள் கழித்து மறுபடி எண்ணலாம்.

செந்தில்: அதோடு இன்னொரு மருந்தையும் கலந்து அடித்தால் நன்றாகப் பிடிக்கும் என்கிறார்களே கடையில்.

கயல்: வேண்டவே வேண்டாம் அண்ணா. 2017இல் மகாராஷ்டிராவில் யவத்மால் பக்கம் பருத்திக்கு மருந்தடித்தவர்கள் 20 பேருக்கு மேல் இறந்தார்கள், நூற்றுக்கணக்கானவர்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். அங்கேயும் ஒன்றோடு ஒன்றைக் கலந்துதான் அடித்தார்கள், செடி ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்திருந்தது. நம் மக்காச்சோளமும் இன்னும் பத்து நாளில் அந்த உயரம் வந்துவிடும்.

பெரியம்மா: மாட்டுக்கு அந்த வயல் தட்டையை அறுக்கலாமா?

கயல்: மேற்குப் பக்கத்தை அறுக்க வேண்டாம் பெரியம்மா. லேபிளில் போட்டிருக்கிற நாள் முடிகிற வரைக்கும் கிழக்கே தள்ளி இருப்பதிலிருந்து போடுங்கள்.

தூத்துக்குடி மாமா: மச்சானுக்கு ஒரு நல்ல முகமூடி, கையுறை நான் அனுப்புகிறேன். எங்கள் கம்பெனியில் போடுகிற மாதிரி நீளக் கையுறை.

கயல்: அனுப்புங்கள் மாமா. பெங்களூரில் இன்ஸ்டெம் நிறுவனம் கிசான் கவச் என்று ஒரு உடுப்புக் கொண்டு வந்திருக்கிறது, 2024 டிசம்பரில் வெளியிட்டார்கள். போன வருஷம் பெரியப்பாவைப் படுக்க வைத்த மருந்து வகை துணியில் பட்டதும் துணியே அதைச் சிதைத்துவிடும். 150 தடவை துவைக்கலாம், 4,000 ரூபாய் என்று அறிவித்தார்கள். பருத்திக்கு முன்னால் வாங்க முடியுமா என்று நான் விசாரிக்கிறேன், என் உதவித்தொகையில் வாங்கித் தருகிறேன்.

பெரியப்பா: உன் காசை வீணாக்காதே கண்ணு.

கயல்: இது வீணா பெரியப்பா? அப்புறம் உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். நாசில் அடைத்தால் வாயை வைத்து ஊதுகிறீர்களே, அதை விட்டுவிடுங்கள். பொங்கலுக்கு வந்தபோது பார்த்தேன், நாசிலைக் கழற்றி உதட்டில் வைத்து ஊதிவிட்டுத் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு அடுத்த சாலுக்குப் போனீர்கள். நாங்கள் இங்கே மருந்தை மில்லிகிராமில் குறைக்கப் போராடுகிறோம், அது நேரே உங்கள் நாக்குக்குப் போகிறது.

பெரியப்பா: 40 வருஷப் பழக்கம்மா. கை தானாகப் போகும்.

செந்தில்: இன்று நான் அடிக்கிறேன். அப்பா வரப்பில் நிற்கட்டும், காற்று எந்தப் பக்கம் என்று மட்டும் சொல்லட்டும்.

மாலை 4:35

செந்தில்: பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். முதலில் முணுமுணுத்தார்கள், பதிவு எண் எங்கே என்று கேட்டதும் பணத்தைக் கொடுத்துவிட்டார்கள். எமாமெக்டின் பில்லோடு வாங்கியாச்சு, 40 கிராம். முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்புகிறேன்.

பெரியம்மா: (படம்) பழைய பல் துலக்குகிற பிரஷ்ஷைச் சணல் கயிற்றில் கோத்து டேங்க் பிடியில் கட்டிவிட்டேன். அடைத்தால் இதை வைத்துத் தேய். வாய் வைத்தால் ராத்திரிச் சோறு கிடையாது, அப்பாவுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பெரியப்பா: பார்த்துவிட்டேன். நல்ல முடிச்சு. காற்று கிழக்கேயிருந்து வருகிறது, செந்திலை மேற்கு முனையில் ஆரம்பிக்கச் சொல்லியிருக்கிறேன்.