பாலக்கோடு பக்கம் போர் தண்ணி: அஞ்சு வயசுப் பொண்ணுக்கு எந்த பேஸ்ட்?

கேள்வி: வீட்டுல குடிக்க போர் தண்ணிதான், அதுலயே ஃப்ளோரைடு இருக்கும்ங்கறாங்க. ஃப்ளோரைடு பேஸ்ட்டும் கொடுத்தா பல்லு பழுப்பாயிடுமா? துலக்கும்போது ஈறுலயும் ரத்தம் வருது.

பதில் 1: முதல்ல தண்ணிய டெஸ்ட் பண்ணுங்க. ஃப்ளோரைடு லிட்டருக்கு 1 மி.கி.க்குள்ள இருக்கணும், வேற வழியே இல்லேன்னா 1.5 வரை. காய்ச்சினா போகாது, தண்ணி சுண்டி இன்னும் கூடும். ஆர்.ஓ. குறைக்கும். ஒகேனக்கல் திட்டத்துக் காவிரிக் குழாய்த் தண்ணி வந்தா குடிக்க மட்டுமில்ல, சோறு வடிக்கவும் அதுதான்.

பதில் 2: தண்ணில 1.5 தாண்டினா பல் டாக்டரைக் கேட்டுட்டு பேஸ்ட் வாங்குங்க. கம்மியா இருந்தா ஃப்ளோரைடு பேஸ்ட்டே நல்லது: பட்டாணி அளவு, விழுங்காம துப்பணும். எனாமல் (பல்லோட கெட்டி மேல்பூச்சு) உருவாகிற எட்டு வயசு வரைக்கும் துலக்கும்போது பக்கத்துல நில்லுங்க.

பதில் 3: ரத்தம் வருதுன்னு துலக்காம விடாதீங்க, பெரும்பாலும் ஈறோர அழுக்காலதான் வருது. மெது பிரஷை 45 டிகிரி சாய்ச்சு, 2 நிமிஷம். ரெண்டு வாரத்துல நிக்கலேன்னா காட்டிடுங்க.